ஃபயர்வால் இடும் கையொப்பம்

ஒரு வலையமைப்பின் வாயிலில் நிறுத்தப்படும் ஃபயர்வால் கருவிக்குச் சான்றிதழ் எதற்கு என்ற கேள்வி, அக்கருவியின் நிர்வாகப் பக்கத்தில் சான்றிதழ்களுக்கெனத் தனியே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருப்பதைக் காணும் ஒவ்வொரு புதிய நிர்வாகிக்கும் எழுகிறது. அப்பகுதியில் பல வகைச் சான்றிதழ்கள் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதால் அவை யாவும் ஒரே தன்மையன என்ற எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் அவற்றுள் ஒரு வகை கருவியின் சொந்த அடையாளத்தைச் சொல்வது. இன்னொரு வகை, நிறுவனத்தின் சர்வர்களுக்காகக் கருவியே முன்நின்று பேசுவதற்கு உதவுவது. மூன்றாவது வகையோ, உலகிலுள்ள எந்த வலைத்தளத்தின் பெயரையும் எழுதிக் கையொப்பமிடும் அதிகாரத்தையே கருவியின் கையில் கொடுப்பது. இம்மூன்றாவது வகையின் ஆற்றலும் ஆபத்தும் சரியாக உணரப்படாமையே இத்துறையில் நேர்ந்த பெரும் பிழைகள் பலவற்றுக்குக் காரணம் என்பதால், அதைப் பற்றி விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

டிஜிட்டல் சான்றிதழ் என்பது ஒரு பெயரையும் ஒரு பொதுத்திறவுகோலையும் பிணைத்து, அந்தப் பிணைப்பு உண்மையானதென மூன்றாமவர் ஒருவர் கையொப்பமிட்டுத் தரும் சிறு ஆவணமாகும். பொதுத்திறவுகோல் யாவரும் அறிய வெளியிடப்படுவது. அதன் இணையான தனித்திறவுகோலை உரியவர் மட்டுமே மறைவாக வைத்திருப்பார். தனித்திறவுகோலால் இடப்பட்ட கையொப்பத்தைப் பொதுத்திறவுகோலைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம் என்றாலும், பொதுத்திறவுகோலிலிருந்து தனித்திறவுகோலைக் கணித்துக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாத செயல். விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் இந்த இணைத்திறவுகோல் கருத்தை வெளியிட்டபோது, எல்லாருடைய பொதுத்திறவுகோல்களையும் ஒரு பொதுக் கோப்பில் வைத்துவிட்டால் போதும் என்றே கருதப்பட்டது. ஒவ்வொரு முறையும் அக்கோப்பை நாடிச் செல்லாமல், கையொப்பமிட்ட சான்றிதழாகத் திறவுகோலை உரியவரே எடுத்துச் செல்லலாம் என்ற யோசனையை, 1978இல் லோரன் கோன்ஃபெல்டர் எம்.ஐ.டி.யில் இளநிலைப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு முன்வைத்தது. அச்சான்றிதழின் வடிவத்தை எக்ஸ்.509 என்னும் தரநிலை 1988இல் வரையறுத்தது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்எஸ்எல் என்ற பெயரில் உருவாக்கிய பாதுகாப்பு நெறிமுறை அவ்வடிவத்தை உலாவிகளுக்குள் கொண்டுவந்தது; அந்நெறிமுறையே 1999 முதல் டிஎல்எஸ் எனப்படுகிறது.

கையொப்பமிடும் மூன்றாமவர் சான்றளிக்கும் நிறுவனம் எனப்படுகிறார். அவருடைய மூலச் சான்றிதழ் உலாவியிலோ இயங்குதளத்திலோ முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும். அவர் அந்த மூலத்தைக் கொண்டு இடைநிலைச் சான்றிதழ்களில் கையொப்பமிடுவார். இடைநிலைகள் வலைத்தளங்களின் சான்றிதழ்களில் கையொப்பமிடும். உலாவி ஒரு தளத்தை அடையும்போது இந்தச் சங்கிலியைக் கீழிருந்து மேலாகப் பின்தொடர்ந்து, தனக்கு முன்பே அறிமுகமான ஒரு மூலத்தில் அது சென்று முடிகிறதா என்று பார்க்கிறது. சான்றிதழுக்குள் உள்ள ஒரு சிறு புலம் இங்கே மிக முக்கியமானது. இச்சான்றிதழுக்கு உரியவர் பிறருக்குச் சான்றளிக்கலாமா, கூடாதா என்பதை அப்புலமே சொல்கிறது. கடையில் விலைக்கு வாங்கும் சாதாரண வலைத்தளச் சான்றிதழில் அது ‘கூடாது’ என்றிருக்கும். இடைநிலைச் சான்றிதழில் ‘சான்றளிக்கலாம்’ என்றிருக்கும். ஒரே ஒரு புலத்தின் மதிப்பு மாறினால் ஒரு தளத்தின் அடையாள அட்டை உலகம் முழுமைக்கும் அடையாள அட்டை வழங்கும் அலுவலகமாகிவிடுகிறது.

ஃபயர்வாலின் பக்கம் திரும்பினால், தொடக்ககால ஃபயர்வால்கள் தரவுப் பொட்டலங்களின் முகவரியையும் போர்ட் எண்ணையும் பார்த்து விடுவதா தடுப்பதா என்று முடிவுசெய்தன. பின்னர் வந்தவை பொட்டலத்தின் உள்ளடக்கத்தையும் படித்து, தீநிரல் வருகிறதா, நிறுவனத்தின் கோப்புகள் வெளியேறுகின்றனவா என்று ஆராயத் தொடங்கின. போக்குவரத்தின் பெரும்பகுதி குறியாக்கம் செய்யப்பட்ட பின் இந்த ஆய்வு குருடாகிவிட்டது. ஏனெனில் குறியாக்கத்தின் நோக்கமே இடையில் நிற்பவருக்கு எதுவும் தெரியாமலிருப்பதுதான், அந்த இடையிலுள்ளவர் நல்லவரா தீயவரா என்று குறியாக்கம் பகுத்துப் பார்ப்பதில்லை. டிஎல்எஸ் 1.2 வரை, இணைப்பின் தொடக்கத்தில் சர்வர் தன் சான்றிதழைத் திறந்த நிலையில் அனுப்பியதால், ஃபயர்வால் உள்ளடக்கத்தைத் தொடாமலேயே எந்தத் தளத்துக்குப் பயனர் செல்கிறார் என்பதைச் சான்றிதழிலிருந்து படித்துக்கொள்ள முடிந்தது. 2018 ஆகஸ்டில் வெளியான டிஎல்எஸ் 1.3 சான்றிதழையும் குறியாக்கத்துக்குள் மறைத்துவிட்டது. தளத்தின் பெயரைச் சொல்லும் தொடக்கக் குறிப்பு மட்டும் பெரும்பாலும் வெளிப்படையாக இருக்கிறது. ஆயினும் அது உலாவி சொல்லும் பெயரே தவிர, சர்வர் மெய்ப்பித்துக் காட்டிய பெயரன்று.

ஆகவே உள்ளடக்கத்தைப் பார்க்க விரும்பும் நிறுவனம் இணைப்பின் நடுவில் ஃபயர்வாலை முழுமையாக நிறுத்துகிறது. ஊழியரின் உலாவி ஒரு வங்கியின் தளத்தை நாடும்போது, ஃபயர்வால் அந்தக் கோரிக்கையைத் தானே பிடித்துக்கொண்டு, வங்கியின் சர்வருடன் தன் பெயரில் ஓர் இணைப்பை ஏற்படுத்துகிறது. அங்கே கிடைத்த சான்றிதழில் உள்ள பெயரைப் படியெடுத்து, அதே பெயரில் ஒரு புதிய சான்றிதழை அந்த நொடியிலேயே உருவாக்கித் தன் தனித்திறவுகோலால் கையொப்பமிட்டு, அதை உலாவியிடம் நீட்டுகிறது. இப்போது குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்புகள் இரண்டாகின்றன. அவ்விரண்டுக்கும் இடையே, கருவியின் நினைவகத்துக்குள், தரவு சற்று நேரம் திறந்த உரையாகக் கிடக்கிறது. உலாவி அச்சான்றிதழை ஏற்பதற்கு ஒரே வழி, ஃபயர்வாலின் சான்றளிக்கும் மூலம் அந்தக் கணினியில் முன்பே பதிக்கப்பட்டிருப்பதுதான். நிறுவனக் கணினிகளில் இது மையக் கொள்கையின் மூலம் பயனர் அறியாமலேயே நிகழ்ந்துவிடுகிறது. பதிக்கப்படாத கணினிகளில் ஒவ்வொரு தளத்துக்கும் எச்சரிக்கைப் பக்கம் தோன்றும்.

அந்த எச்சரிக்கைகளைக் கண்டு சலித்த நிர்வாகிகள் பலர், பொதுச் சான்றளிக்கும் நிறுவனம் ஒன்றிடம் விலை கொடுத்துச் சான்றிதழ் வாங்கி ஃபயர்வாலில் ஏற்றினால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று கேட்பதுண்டு. தீராது, அது தீரக்கூடாது என்பதில்தான் இணையத்தின் பாதுகாப்பே நிற்கிறது. விலைக்கு வாங்கும் சான்றிதழில் பிறருக்குக் கையொப்பமிடும் உரிமை இல்லை. அவ்வுரிமை உள்ள இடைநிலைச் சான்றிதழைப் பொதுச் சான்றளிக்கும் நிறுவனம் ஒரு ஃபயர்வாலுக்குக் கொடுத்தால், அந்த ஃபயர்வால் கையொப்பமிடும் போலிச் சான்றிதழை உலகிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஏற்றுக்கொள்ளும்.

துருக்கியில் நிகழ்ந்தது இதுவே. டர்க்டிரஸ்ட் என்னும் சான்றளிக்கும் நிறுவனம் 2011 ஆகஸ்டில், சாதாரண வலைத்தளச் சான்றிதழ் கேட்ட இரண்டு வாடிக்கையாளர்களுக்குத் தவறுதலாக இடைநிலைச் சான்றிதழ்களை வழங்கிவிட்டது. சோதனைக்கென வைத்திருந்த அமைப்புகள் நடைமுறைப் பணிக்குள் கலந்துவிட்டதே காரணமென அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. அவற்றுள் ஒன்று, அங்காரா மாநகரப் போக்குவரத்தை நடத்தும் இகோ என்ற அமைப்பிடம் சென்றது. ஓராண்டுக்கும் மேலாக அச்சான்றிதழ் மின்னஞ்சல் சர்வரில் எவ்விதத் தீங்கும் இன்றி இருந்தது. 2012 டிசம்பர் தொடக்கத்தில் அது அங்கிருந்து எடுக்கப்பட்டு, போக்குவரத்தைத் திறந்து ஆராயும் ஃபயர்வால் ஒன்றில் ஏற்றப்பட்டபோதுதான் அதன் மெய்யான ஆற்றல் வெளிப்பட்டது: கருவி, தன்னிடம் கையொப்பமிடும் உரிமையுள்ள சான்றிதழ் இருப்பதைக் கண்டு, கூகுள் உள்ளிட்ட தளங்களின் பெயரில் தானாகவே சான்றிதழ்களை ஆக்கத் தொடங்கியது. டிசம்பர் 24ஆம் நாள் குரோம் உலாவி இதைக் கண்டுபிடித்தது. 2013 ஜனவரி 3ஆம் நாள் செய்தி உலகறிய வெளியாயிற்று. தீய நோக்கம் எதற்கும் சான்று கிடைக்கவில்லை என்பதுதான் இந்நிகழ்வைக் கூர்ந்து கவனிக்கத் தூண்டுகிறது. யாரும் திருடாமல், யாரும் தாக்காமல், ஒரு புலத்தின் மதிப்பு மாறியதாலும் ஒரு கோப்பு இடம் மாறியதாலும் மட்டுமே, உலகின் எந்தத் தளத்தின் பெயரிலும் நம்பத்தக்க போலியை ஆக்கும் கருவி ஒன்று நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் இயங்கிக்கொண்டிருந்தது.

இவ்வரிசையில் அது தனியொரு நிகழ்வுமன்று. டிரஸ்ட்வேவ் நிறுவனம், ஒரு வாடிக்கையாளரின் உள் வலையமைப்பைக் கண்காணிப்பதற்கென்றே இடைநிலைச் சான்றிதழ் ஒன்றைத் தெரிந்தே வழங்கியிருந்ததை 2012 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு அதை ரத்து செய்தது. பிரான்சின் தகவல் பாதுகாப்பு முகமையின் கீழிருந்த இடைநிலைச் சான்றிதழ் ஒன்று கண்காணிப்புக் கருவியில் பயன்பட்டது 2013 டிசம்பரில் தெரியவந்தது. 2015 மார்ச்சில் எகிப்தைச் சேர்ந்த எம்சிஎஸ் ஹோல்டிங்ஸ், சீனாவின் சிஎன்என்ஐசி வழங்கிய இடைநிலைச் சான்றிதழின் தனித்திறவுகோலை இவ்வகைக் கருவியில் வைத்தது வெளிப்பட, சிஎன்என்ஐசியின் மூலத்தின் மீதே நம்பிக்கையைக் கூகுளும் மொசில்லாவும் விலக்கிக்கொண்டன.

ஆகவே சரியான வழி, நிறுவனம் தனக்கெனச் சொந்தமாக ஒரு சான்றளிக்கும் மூலத்தை ஆக்கிக்கொண்டு, அதைத் தன் கணினிகளில் மட்டும் பதிப்பது. அவ்வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. அதை எடுத்துக்காட்டியது இந்தியாவில், அகமதாபாத்தில் உருவான சைபரோம் கருவிகளின் வரலாறு. 2012இல் ஜோர்டானில் இருந்த ஒரு பயனருக்கு, இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டார் திட்டத்தின் வலைத்தளச் சான்றிதழுக்குப் பதிலாகச் சைபரோம் கையொப்பமிட்ட போலிச் சான்றிதழ் வந்ததை ஆராய்ந்தவர்கள், அவ்வகைக் கருவிகள் யாவும் ஒரே சான்றளிக்கும் சான்றிதழையும் ஒரே தனித்திறவுகோலையும் கொண்டு வெளிவந்திருப்பதைக் கண்டனர். இதன் பொருள், ஒரு கல்லூரி தன் மாணவர்களின் கணினிகளில் அந்த மூலத்தைப் பதித்திருந்தால், அக்கல்லூரியோடு தொடர்பே இல்லாத இன்னொருவர் தாம் வாங்கிய அதே வகைக் கருவியைக் கொண்டு அம்மாணவர்களின் போக்குவரத்து செல்லும் வழியில் எங்கு நின்றும் அதைத் திறந்துவிடலாம் என்பதே. ஃபோர்டிநெட் கருவிகளிலும் இதே குறை அதே ஆண்டில் பதிவாயிற்று. சைபரோம், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் திறவுகோல் அமையும்படி விரைவிலேயே திருத்தம் வெளியிட்டது. தயாரிப்பாளர் வைத்தனுப்பிய இயல்புச் சான்றிதழை அப்படியே பயன்படுத்தும் பழக்கம் ஏன் கைவிடப்பட வேண்டியது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

திறவுகோல் தனியானதாகவும் பத்திரமானதாகவும் இருந்தாலும், இன்னொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நிர்வாகிகள் மிகக் குறைவாகவே கேட்கும் கேள்வி அதுவே. ஃபயர்வால் நடுவில் நின்ற கணத்திலிருந்து, பயனரின் உலாவி உண்மையான சர்வரின் சான்றிதழைப் பார்ப்பதே இல்லை; அது பார்ப்பது ஃபயர்வாலின் சான்றிதழை மட்டுமே. சர்வரின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, பெயர் பொருந்துகிறதா, ரத்து செய்யப்பட்டதா, குறியாக்க முறை வலுவானதா என்று உலாவி பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட ஆய்வுகள் அனைத்தையும் இனி ஃபயர்வாலே செய்தாக வேண்டும். குறிப்பிட்ட தளங்களுக்கு இன்ன திறவுகோல்தான் உரியது என்று குரோம் தனக்குள் குறித்து வைத்திருக்கும் பட்டியலைக்கூட, பயனரின் கணினியில் உள்ளூராகப் பதிக்கப்பட்ட மூலங்களுக்கு அது பொருத்திப் பார்ப்பதில்லை. துருக்கி நிகழ்வில் குரோம் எச்சரித்தது சங்கிலி பொது மூலம் ஒன்றில் முடிந்ததனால்தான். அது உள்ளூர் மூலத்தில் முடிந்திருந்தால் குரோம் வாய் திறந்திருக்காது. வழங்கப்படும் ஒவ்வொரு பொதுச் சான்றிதழையும் வெளிப்படையான பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 2018 முதல் குரோம் விதித்துவரும் கட்டாயமும் உள்ளூர் மூலங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. இவ்வாறு உலாவி தன் காவலைத் தானே தளர்த்தி, அப்பொறுப்பை ஃபயர்வாலிடம் ஒப்படைக்கிறது.

ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை அக்கருவிகள் எவ்வளவு நன்றாகச் செய்தன என்பதை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கூகுள், மொசில்லா, கிளவுட்ஃபிளேர் நிறுவனங்களும் சார்ந்த ஆய்வாளர்கள் இணைந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு அளந்தது. ஃபயர்ஃபாக்ஸ் புதுப்பிப்பு சர்வர்களை அடைந்த இணைப்புகளில் ஏறத்தாழ 4 விழுக்காடும், சில வணிகத் தளங்களை அடைந்தவற்றில் 6.2 விழுக்காடும், கிளவுட்ஃபிளேர் வழியே சென்ற அமெரிக்கப் போக்குவரத்தில் 10.9 விழுக்காடும் இடையில் திறக்கப்பட்டிருந்தன. அவ்வாறு திறக்கப்பட்டவற்றுள், முறையே 97, 32, 54 விழுக்காடு இணைப்புகள் திறக்கப்பட்டதனாலேயே முன்பைவிடப் பலவீனமாகியிருந்தன. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புக் குழு, இக்கருவிகளை வைத்திருப்போர் அவை சான்றிதழ்களை ஒழுங்காகச் சரிபார்க்கின்றனவா என்று சோதிக்கும்படி எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பதும் கடினமன்று: வேண்டுமென்றே காலாவதியான, பெயர் பொருந்தாத, ரத்து செய்யப்பட்ட சான்றிதழ்களைக் கொண்ட சோதனைத் தளங்கள் பொதுவில் இருக்கின்றன, ஃபயர்வாலுக்குப் பின்னால் அமர்ந்து அவற்றை நாடும்போது எச்சரிக்கை ஏதும் வராமல் பச்சையாக வழிவிட்டால், அந்தக் கருவி பயனரை ஏமாற்றுகிறது. நன்கு வடிவமைக்கப்பட்ட கருவிகள், சர்வரின் சான்றிதழ் குறையுடையதாக இருக்கும்போது, கணினிகளில் பதிக்கப்படாத இரண்டாவது மூலம் ஒன்றால் கையொப்பமிட்டு, உலாவி தானாகவே எச்சரிக்கை காட்டும்படி செய்கின்றன. அந்த இரண்டாவது மூலத்தையும் எச்சரிக்கைத் தொல்லையைத் தவிர்க்க எண்ணிக் கணினிகளில் பதித்துவிடுவது, காவலாளியின் கண்ணைக் கட்டிவிட்டு அவரை வாசலில் நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

இவ்வளவும் படித்தவர்கள், போக்குவரத்தைத் திறந்து பார்க்காமலிருப்பதே நல்லது என்ற முடிவுக்கு வரக்கூடும். அம்முடிவு அவசரமானது என்பதை அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் நேர்ந்த ஊடுருவல் காட்டுகிறது. அங்கே பயன்பட்டது மேலே சொன்ன வெளிச்செல்லும் போக்குவரத்தின் ஆய்வன்று; நிறுவனத்தின் சொந்த சர்வர்களை நாடி வருவதை ஆராயும் முறை. இம்முறையில் புதுச் சான்றிதழ் எதையும் ஆக்கத் தேவையில்லை; சர்வர் நிறுவனத்துக்கே உரியதாகையால், அதன் உண்மையான சான்றிதழையும் தனித்திறவுகோலையும் ஆய்வுக் கருவியிலேயே ஏற்றிவிடலாம். 2017 மே 13 முதல் ஊடுருவியவர்கள் 76 நாட்கள் அந்நிறுவனத்தின் வலையமைப்பில் உலவி, ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அந்நாட்களில் ஆய்வுக் கருவி அங்கே இயங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதிலிருந்த சான்றிதழ் காலாவதியாகி 19 மாதங்கள் ஆகியிருந்ததால் அது எதையும் திறந்து பார்க்கவில்லை என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு 2018 டிசம்பர் அறிக்கையில் எழுதியது. ஜூலை 29ஆம் நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டவுடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. காலாவதியான சான்றிதழ் வலைத்தளத்தில் இருந்தால் பயனர்கள் முறையிடுவார்கள். ஆய்வுக் கருவியில் இருந்தால் எவரும் முறையிடமாட்டார்கள், ஏனெனில் போக்குவரத்து தடையின்றிச் சென்றுகொண்டே இருக்கும். இதனால்தான் ஃபயர்வாலில் உள்ள சான்றிதழ்களின் காலாவதித் தேதிகளைத் தனியே கண்காணிப்பது நிர்வாகியின் முதற்கடமைகளுள் வருகிறது.

இக்கடமை இனி மேலும் கடினமாகும். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2018இல் 825 நாட்களாகவும் 2020 செப்டம்பரில் 398 நாட்களாகவும் சுருங்கியது. உலாவி நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2026 மார்ச்சில் 200 நாட்களாகவும் 2027 மார்ச்சில் 100 நாட்களாகவும் 2029 மார்ச்சில் 47 நாட்களாகவும் அது குறைகிறது. ஆண்டுக்கொரு முறை கையால் கோப்பை ஏற்றும் வழக்கம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏக்மி என்னும் தானியங்கிப் புதுப்பிப்பு நெறிமுறை ஃபயர்வாலுக்குள்ளும் வந்தாக வேண்டும். சொந்த மூலத்திலிருந்து வழங்கும் சான்றிதழ்களை இவ்வரம்பு கட்டுப்படுத்தாது என்றாலும், ஆப்பிள் கருவிகள் 2019 ஜூலைக்குப் பின் வழங்கப்பட்ட எந்த சர்வர் சான்றிதழுக்கும், சொந்த மூலத்தினுடையதாயினும், 825 நாட்களை எல்லையாக வைத்திருக்கின்றன.

கருவியின் நிர்வாகப் பக்கத்துக்கும் தொலைவிலிருந்து இணையும் விபிஎன் வாயிலுக்கும் உரிய சான்றிதழ்கள் இவற்றோடு ஒப்பிட எளியவை. விபிஎன் வாயில் வெளியுலகம் பார்ப்பது என்பதால் பொதுச் சான்றிதழே அதற்குத் தக்கது. நிர்வாகப் பக்கத்துக்குச் சொந்த மூலத்திலிருந்து ஒன்று வழங்கினால் போதும். தன்கையொப்பச் சான்றிதழை அப்படியே விட்டுவைத்து, நாள்தோறும் எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லை இடும் நிர்வாகி, மெய்யான போலி ஒன்று எதிர்ப்படும் நாளிலும் அதே விசையைத்தான் அழுத்துவார்.

சொந்த மூலத்தை ஆக்கும் நிறுவனம் அதன் தனித்திறவுகோலை ஃபயர்வாலிலேயே வைக்காமல், வலையமைப்போடு இணையாத தனிக் கணினியில் வைத்து, ஒவ்வொரு ஃபயர்வாலுக்கும் குறுகிய ஆயுளுடைய இடைநிலைச் சான்றிதழ் ஒன்றை மட்டும் வழங்குவது நல்ல நடைமுறை. கருவி ஒன்று களவு போனாலோ பழையதாகி விற்கப்பட்டாலோ, அந்த ஒரு இடைநிலையை மட்டும் ரத்து செய்துவிட்டு மூலத்தைத் தொடர்ந்து நம்பலாம். சான்றிதழில் எழுதப்படும் பெயரும் கவனத்துக்குரியது. உலாவியில் பூட்டுக் குறியைச் சொடுக்கிப் பார்க்கும் ஊழியருக்கு, வழங்கியவர் என்ற இடத்தில் தயாரிப்பாளரின் புரியாத குறியீடு தெரிவதைவிட, நிறுவனத்தின் பெயரும் இது போக்குவரத்து ஆய்வுக்கானது என்ற குறிப்பும் தெரிவதே நேர்மையானது. வங்கி, மருத்துவம் போன்ற தளங்களைத் திறக்காமல் விடும் விலக்குப் பட்டியலும், அப்பட்டியல் ஊழியர்களுக்கு எழுத்தில் அறிவிக்கப்படுவதும் இதனோடு சேர்ந்தவை.

இவை நிறுவனத்தின் சொந்தக் கணினிகளுக்குப் பொருந்தும். பயனரின் சொந்தக் கைபேசியில் நிறுவனமோ கல்லூரியோ மூலத்தைப் பதிக்கச் சொல்வது வேறு வகையைச் சேர்ந்தது. 2019 ஜூலையில் கஜகஸ்தான் அரசு தன் குடிமக்களின் கருவிகளில் தேசியச் சான்றிதழ் ஒன்றைப் பதிக்கும்படி பணித்தபோது, அடுத்த மாதமே கூகுளும் மொசில்லாவும் ஆப்பிளும், பயனரே பதித்திருந்தாலும் அச்சான்றிதழைத் தம் உலாவிகள் ஏற்காதபடி தடுத்தன. ஆண்ட்ராய்டு 2016இல் வெளியான ஏழாம் பதிப்பு முதல், பயனர் பதிக்கும் மூலங்களைச் செயலிகள் இயல்பாக நம்பாதபடி செய்துவிட்டது. பல வங்கிச் செயலிகள் தமக்குரிய திறவுகோலைத் தமக்குள்ளேயே குறித்து வைத்திருப்பதால், நடுவில் ஃபயர்வால் நின்றால் இணையவே மறுக்கின்றன. அவ்வாறு மறுக்கும்போது அதைக் கருவியின் கோளாறு என்று எண்ணி வழி தேடும் நிர்வாகிகள் உண்டு. செயலி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதே அதன் விளக்கம். விருந்தினருக்கும் சொந்தக் கைபேசிகளுக்கும் தனி வலையமைப்பைப் பிரித்துக் கொடுத்து, அதில் தளத்தின் பெயரை மட்டும் பார்க்கும் வடிகட்டலோடு நிறுத்திக்கொண்டு, போக்குவரத்தைத் திறக்காமல் விடுவதே இந்நிலையில் தக்க ஏற்பாடு.